புகை கலைந்த பிறகும் பாருங்கள்: கடற்படைச் செயற்கைக்கோளைப் பின்தொடரும் வழி

நம் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் பார்ப்பது பழகிப்போன விஷயம். ஆரம்பாக்கம், சுண்ணாம்புகுளம், பழவேற்காடு, எல்லை தாண்டினால் தடா, சூலூர்பேட்டை என்று எந்த ஊரில் கேட்டாலும் மொட்டைமாடியில் நின்று பார்த்தவர்கள் இருப்பார்கள். இரண்டு நிமிடம் கைதட்டிவிட்டுப் புகை கலைந்ததும் கீழே இறங்கிவிடுகிறோம். ஆனால் செயற்கைக்கோளின் கதை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. உள்ளே போனது என்ன, எங்கே போய் நின்றது, யாருக்குப் பயன்படுகிறது என்பதை வீட்டிலிருந்தே பின்தொடர முடியும் என்பது பலருக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாகக் கடற்படைக்கான தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை எடுத்துக்கொள்கிறேன். 2025 நவம்பர் 2 மாலை 5.26க்கு எல்.வி.எம்.3 ராக்கெட்டில் போன சி.எம்.எஸ்.-03 அந்த வகை. அதற்கு முன்னால் 2013 ஆகஸ்ட் 30 அதிகாலை, நம் நேரப்படி, போனது ஜிசாட்-7. ருக்மணி என்றும் அதற்குப் பெயர். அது இங்கிருந்து போகவில்லை, தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் போனது. தேவையான பொருட்கள்: ஒரு கைபேசி, நேரான ஒரு குச்சி, குச்சியை நிறுத்த ஒரு மண்தொட்டி. கேமரா இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தேடும்போது பெயரில் ஒரு குழப்பம் வரும். இஸ்ரோ தன் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு 2020 டிசம்பரில் போன சி.எம்.எஸ்.-01 முதல் இந்தப் புதுப் பெயர் வரிசையை வைத்திருக்கிறது. கடற்படையோ சி.எம்.எஸ்.-03ஐ ஜிசாட்-7ஆர் என்று சொல்லும். இரண்டும் ஒன்றுதான், இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஜிசாட்-7ஏ என்று இன்னொன்று இருக்கிறது. அது 2018 டிசம்பர் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, விமானப்படைக்கானது. செய்திகளில் இந்த மூன்றையும் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள்.

முதலில், கப்பலுக்கு இது எதற்கு?

இதைப் புரிந்துகொள்ளாமல் பின்தொடர்வதில் சுவை இல்லை. மீன்பிடிப் படகில் பேசுவதற்கு இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ கருவியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த அலை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது, அதனால் இருபது முப்பது கடல் மைல் தாண்டினால் பேச்சு அறுந்துவிடும். இன்னும் நீளமான எச்.எஃப். அலைகள் மேலே அயனி மண்டலம் என்ற மின்னேற்றம் கொண்ட காற்று அடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும், ஆனால் பகலுக்கு ஒரு மாதிரி இரவுக்கு ஒரு மாதிரி, சூரியனில் கொந்தளிப்பு வந்தால் அதுவும் போச்சு. மலாக்கா ஜலசந்திப் பக்கம் நிற்கும் ஒரு கப்பல் விசாகப்பட்டினத்துக்கு எந்த நேரமும் நிச்சயமாகப் பேசவேண்டும், ரேடார் படத்தை அனுப்பவேண்டும் என்றால் வானத்தில் அசையாத ஒரு புள்ளி வேண்டும். ஜிசாட்-7 வரும்வரை இதற்கு இன்மார்சாட் போன்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள் சேவைகளைத்தான் கடற்படை நம்பியிருந்தது. போர்க்காலத்தில் அடுத்தவன் கையில் இருக்கும் சுவிட்சை நம்பி நிற்பது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. ஜிசாட்-7 வந்ததும் 2014இல் நடந்த பெரிய கடற்படைப் பயிற்சியில் சுமார் 60 கப்பல்களையும் 75 விமானங்களையும் அதன் வழியாக ஒரே வலையில் இணைத்தார்கள். சுமார் 2,000 கடல் மைல் பரப்பை அது பார்த்துக்கொள்கிறது.

ஜிசாட்-7இல் யு.எச்.எஃப்., எஸ், சி, கே.யு. என்று நான்கு அலைவரிசைகள். ஏன் இத்தனை? யு.எச்.எஃப். அலைக்குக் குறிபார்த்துத் திருப்பும் டிஷ் தேவையில்லை, சின்ன ஆன்டெனா போதும், மழையும் மேகமும் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் கொஞ்சம் தகவல்தான் போகும். கே.யு. அலையில் வீடியோவே அனுப்பலாம், ஆனால் பெருமழை வந்தால் படுத்துவிடும். இது உங்களுக்கே தெரியும்: ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டு டி.டி.எச். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகிறதே, அந்த டிஷ் வாங்குவது இதே கே.யு. அலையைத்தான். புயலில் மாட்டிய கப்பலுக்கு வீடியோ அறுந்தாலும் குரல் அறுந்துவிடக்கூடாது, அதற்குத்தான் இந்தக் கலவை.

நீர்மூழ்கிக் கப்பல் மட்டும் தனி. கடல்நீர் இந்த அலைகள் எதையும் உள்ளே விடாது, அதனால் ஆன்டெனாவை நீருக்கு மேலே நீட்டினால்தான் செயற்கைக்கோளோடு பேச முடியும். ஆழத்தில் இருக்கும்போது செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை வேண்டும். அந்த நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற பெயரில் 1990 முதல் இயங்குகிறது.

ஏவும் நாள்

தேதி அறிவிப்புக்கு முன்பே துப்பு கிடைக்கும். ராக்கெட் பாகங்கள் விழக்கூடிய கடல் பகுதியைப் பற்றி விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் எச்சரிக்கை வெளியிடுவார்கள். இந்தியப் பெருங்கடலின் நம் பகுதிக்கான கப்பல் எச்சரிக்கைகள் டேராடூனில் இருக்கும் தேசிய நீர்வரைவியல் அலுவலகத்திலிருந்து வரும், யாரும் படிக்கலாம். பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, கடலுக்குப் போகாதீர்கள் என்று மீன்வளத் துறை சொன்னால் ராக்கெட் வருகிறது என்று அர்த்தம். நாடு கொண்டாடும் ஒவ்வொரு ஏவுதலுக்கும் அந்தக் குப்பங்களில் ஒரு நாள் அடுப்பு யோசித்துத்தான் எரிகிறது, அதையும் சேர்த்தே நாம் நினைக்கவேண்டும்.

ஷார் எனப்படும் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதள வளாகத்துக்குள் 2019 முதல் பார்வையாளர் மாடம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்யவேண்டும், கட்டணம் இல்லை, அடையாள அட்டை கட்டாயம். பதிவு திறந்ததும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள், வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும். சூலூர்பேட்டையில் நேர் கிழக்கே பாருங்கள். ஆரம்பாக்கத்தில் வடகிழக்கு. பழவேற்காட்டில் வடக்கே, சற்று மேற்கே சாய்ந்து. அங்கிருந்து பார்த்தால் ராக்கெட் எழுந்து வலப்பக்கம் கடலை நோக்கி வளைந்து போவது முழுசாகத் தெரியும் என்பதால் எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

நெருப்பு தெரிந்த நொடியிலிருந்து எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று நொடி எடுக்கும். ஏவுதளத்திலிருந்து சூலூர்பேட்டை இருபத்து சொச்சம் கிலோமீட்டர், ஆகவே ஒரு நிமிடம் கழிந்துதான் உறுமல் வரும். பழவேற்காட்டுக்கு ஒன்றே முக்கால் நிமிடம் பக்கம் ஆகிவிடும். பிள்ளைகளை எண்ணச் சொல்லி, மூன்றால் வகுத்து, தூரத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

எல்.வி.எம்.3 கிளம்பும்போது எரிவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு தடித்த பூஸ்டர்கள் மட்டும்தான். 640 டன் ராக்கெட்டை அவை இரண்டுமே தூக்குகின்றன. நடுவில் இருக்கும் திரவ எஞ்சின்கள் ஒன்றே முக்கால் நிமிடம் தாண்டித்தான் பற்றும், அதற்குச் சற்றுப் பிறகு பூஸ்டர்கள் கழன்று விழும். மேகம் இல்லாத நாளில் பைனாகுலரில் அந்தக் கழற்றலைப் பார்த்துவிடலாம். சி.எம்.எஸ்.-03 பிரிந்தது கிளம்பிப் பதினாறு நிமிடம் போல ஆனபோது. அதை நேரடி ஒளிபரப்பில் பாருங்கள், பாதியில் டிவியை அணைத்துவிடாதீர்கள்.

அடுத்த சில வாரங்கள்

ராக்கெட் வெற்றி என்றால் பாதி வேலை முடிந்தது என்று மட்டும் சொல்லலாம். ராக்கெட் அதை ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டுவிடும், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தன் இடத்துக்குச் செயற்கைக்கோள் தானே ஏறிப் போகவேண்டும். சி.எம்.எஸ்.-03இன் எடை சுமார் 4,400 கிலோ, இந்திய மண்ணிலிருந்து இந்தப் பாதைக்குப் போன மிகக் கனமான தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். வழக்கமாக எல்.வி.எம்.3 இந்தப் பாதையில் சுமப்பது 4,000 கிலோ. எடை கூடியதால் 36,000 கிலோமீட்டர் உச்சிக்குப் பதிலாகச் சுமார் 30,000 கிலோமீட்டர் உச்சி உள்ள நீள்வட்டத்தில்தான் அதைக் கொண்டுபோய் விட்டார்கள். மிச்ச உயரத்தைச் செயற்கைக்கோள் தன் சொந்த எஞ்சினை எரித்து ஏறியாகவேண்டும், கர்நாடகாவின் ஹாசனில் உள்ள கட்டுப்பாட்டு நிலையம் அதை நடத்தும்.

இங்கே கவனம் தேவை, ஏனென்றால் தோல்வி இந்தக் கட்டத்திலும் வரும். 2018 மார்ச்சில் போன ஜிசாட்-6ஏ ராக்கெட்டிலிருந்து நல்லபடியாகப் பிரிந்து, எஞ்சினை எரிக்கத் தொடங்கிய பிறகு தொடர்பை இழந்தது. 2025 ஜனவரி 29 போன என்.வி.எஸ்.-02இல் எரிபொருளுக்கு ஆக்சிஜனூட்டியை விடும் வால்வு திறக்கவில்லை, அது நீள்வட்டத்திலேயே மாட்டிக்கொண்டது. இரண்டு நாளிலும் நம் ஊரில் கைதட்டல் கேட்டது.

பின்தொடர்வது எப்படி என்றால், செலஸ்ட்ராக் (CelesTrak) என்ற இலவச இணையதளத்தில் செயற்கைக்கோளின் பெயரைப் போடுங்கள். இரண்டு வரி எண்கள் வரும். பயந்துவிடாதீர்கள், இரண்டாவது வரியில் இரண்டே எண்கள் போதும். தொடக்கத்தில் வரி எண், பட்டியல் எண் இரண்டையும் தாண்டி வருவது சாய்வு, நிலநடுக்கோட்டுக்கு எத்தனை டிகிரி சாய்ந்து சுற்றுகிறது என்பது. வரியின் கடைசிப் பகுதியில் வருவது ஒரு நாளைக்கு எத்தனை சுற்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனதும் சாய்வு இருபது டிகிரி ஒட்டி இருக்கும், சுற்று 2.7 பக்கம் இருக்கும். எஞ்சின் எரிய எரியச் சாய்வு பூஜ்யத்தை நோக்கி வரும், சுற்று குறைந்துகொண்டே வந்து 1.0027இல் நிற்கும். அப்போது அது பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது, நம் கண்ணுக்கு அசையாமல் நிற்கிறது. தினமும் ஒருமுறை இந்த இரண்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். திடீரென்று ஒரு நாள் எண் குதித்திருந்தால் அன்று எஞ்சின் எரிந்திருக்கிறது. பல நாள் ஆகியும் 2.7இலேயே நின்றால் மனசு கொஞ்சம் பதறத்தான் செய்யும். பிற்காலத்தில், வயதான செயற்கைக்கோளின் சாய்வு மெதுவாக மறுபடி ஏறினால், மிச்ச எரிபொருளைச் சேமிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

மொட்டைமாடியில் குச்சி நடுவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஜிசாட்-7ஐ நிறுத்திய இடம் 74 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை, மாலத்தீவின் தென்கோடித் தீவுகளுக்கு அருகே நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில். சூலூர்பேட்டை, ஆரம்பாக்கம், பழவேற்காடு மூன்றுக்கும் கணக்குப் போட்டால் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்தில் ஒரே விடைதான்: வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் 204 டிகிரி, அதாவது தெற்கிலிருந்து மேற்குப் பக்கம் 24 டிகிரி தள்ளி. உயரம் 72 டிகிரி. கிட்டத்தட்டத் தலைக்கு மேல்.

கைபேசித் திசைகாட்டியை முழுக்க நம்பாதீர்கள், மாடிக் கம்பியும் தண்ணீர்த் தொட்டி இரும்பும் அதைத் திருப்பிவிடும். அதைவிட நல்ல கருவி சூரியன். வருடத்தில் இரண்டு முறை, நம் பக்கத்துக்கு மார்ச் 14 ஒட்டியும் செப்டம்பர் 29 ஒட்டியும், சூரியன் சரியாக அந்த இடத்தின் பின்னால் போய் நிற்கிறது. மார்ச்சில் மதியம் 12.47 போல, செப்டம்பரில் 12.28 போல. அந்த நேரத்தில் மண்தொட்டியில் குச்சியைச் செருகி, குச்சியின் நிழல் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகும்வரை சாயுங்கள். நிழல் மறைந்ததா, அவ்வளவுதான், மண்ணை இறுக்கிவிடுங்கள். குச்சியின் நுனி இப்போது 74 டிகிரி இடத்தைக் காட்டுகிறது, தொட்டியை நகர்த்தாத வரைக்கும் வருடம் முழுவதும் காட்டும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, பிள்ளைகள் செய்தால் கூடவே நில்லுங்கள், நிழலை மட்டும் பார்த்தால் போதும். ஒரு நாள் முன்பின் ஆனாலும், இரண்டு நிமிடம் தவறினாலும் பெரிய பிழை வராது.

இதே நாட்களில் இதே நேரத்தில் அந்தத் திசையைப் பார்க்கும் டிஷ் எல்லாவற்றிலும் சூரியனின் இரைச்சல் புகுந்து சிக்னல் சில நிமிடம் கெடும். நள்ளிரவு தாண்டி அரை மணிக்கு மேல் இன்னொரு சோதனை நடக்கும்: மார்ச், செப்டம்பர் இரண்டு பருவத்திலும் சுமார் ஆறு வாரங்களுக்குச் செயற்கைக்கோள் தினமும் பூமியின் நிழலுக்குள் போகும், அதிகபட்சம் 72 நிமிடம். சூரியத் தகடு வேலை செய்யாது, பேட்டரியில்தான் கப்பல்களின் பேச்சு ஓடும். இவற்றை எல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு டிஷ்ஷோடு ஒப்பிடுங்கள். டி.டி. ஃப்ரீ டிஷ் என்றால் அது 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15ஐப் பார்க்கிறது, நம் பக்கத்தில் அது தென்கிழக்கு. குச்சி தென்மேற்கு காட்டினால் சரி. டிஷ்ஷின் முகம் தாழ்ந்து பார்ப்பதுபோல் தோன்றும், அதை வைத்து உயரத்தை முடிவு செய்யாதீர்கள், அந்த வகை டிஷ் தன் முகத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்திலிருந்துதான் சிக்னலை வாங்கும்.

கேமரா உள்ளவர்கள் டிசம்பர் மூன்றாம் வாரம், மழை விட்ட ஒரு தெளிந்த இரவில் முயலலாம். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியுமே, அவை நள்ளிரவு 12.30 தாண்டியதும் உங்கள் குச்சி காட்டும் இடத்துக்குச் சற்று மேலே, அதாவது வடக்கே, வந்து கடக்கும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் இரவு 10.30 போல. டெலி லென்ஸைப் போட்டு, முக்காலியில் கேமராவை அசையாமல் வைத்து, இருபது முப்பது நொடிப் படங்களாகத் தொடர்ந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்று சேர்த்துப் பாருங்கள். நட்சத்திரங்கள் எல்லாம் கோடாக இழுபடும். கோடாகாமல் புள்ளியாகவே நிற்பது எதுவோ அதுதான் இந்தச் சுற்றுப்பாதையில் இருப்பது. வெறும் கண்ணுக்கு எட்டாத மங்கல் அது, ஊர் விளக்கு குறைந்த ஏரிக்கரைப் பக்கம் போனால் வாய்ப்பு அதிகம். 74 டிகிரியில் ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்களை நிறுத்துவது வழக்கம் என்பதால், எந்தப் புள்ளி ருக்மணி என்று படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

செய்யக் கூடாதது

சிக்னலை வாங்கிக் கேட்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். அது சங்கேதமாக்கப்பட்டது, கேட்டாலும் இரைச்சல்தான், முயற்சி செய்வதே உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். இடம், பாதை, எடை எல்லாம் பொதுவில் இருக்கிறது, அதில் படிக்கவே ஏராளம் உண்டு. வாட்ஸ்அப்பில் இது உளவுச் செயற்கைக்கோள், எதிரிக் கப்பலைப் படம் பிடிக்கிறது என்று வந்தால் அனுப்பியவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள், இது பேச்சையும் தகவலையும் கடத்துவது, படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் வேறு, அவை பெரும்பாலும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவை.

துறைமுகத்தில் போர்க்கப்பலைப் பார்க்கும் வாய்ப்பு வந்தால் மேல்தளத்தில் வெள்ளை உருண்டைகளைத் தேடுங்கள். சிலவற்றில் ரேடார் இருக்கும், சிலவற்றுக்குள் கப்பல் எப்படி ஆடினாலும் அதே புள்ளியைப் பார்த்துக்கொண்டே திரும்பும் டிஷ் இருக்கும். படம் எடுப்பதற்கு முன் அங்குள்ளவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், தெற்கே கேரள எல்லையில் களியக்காவிளை, கொல்லங்கோடு, தூத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு ராக்கெட் தெரியாது, ஆனால் குச்சி வேலை அங்கும் நடக்கும். அங்கே திசை 201 டிகிரி, உயரம் 79 டிகிரிக்கு மேல். நிழல் மறையும் நாள் மார்ச் 16, 17, மதியம் 12.45 போல, மறுபடியும் செப்டம்பர் 26, 27, அப்போது 12.27 போல.